குன்றக்குடியில் வாங்கிய பத்து வாய்தா

1

அடையாள அட்டை மாற்றுவதற்காகப் போன வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மலேசியாவில் குடியுரிமை இல்லாதவனுக்குச் சிவப்பு அட்டை, உள்ளவனுக்கு நீல அட்டை. பதினாறு வருஷமாகச் சிவப்பை வைத்துக் காலந்தள்ளியவன், பிள்ளைகளை முன்னிட்டு நீலத்துக்கு எழுதிப்போட்டேன். மூன்று தடவை பாரம் திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். என் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அப்பா பெயரை எழுதித் தொலைத்தேன். மலாயில் எழுதச் சொன்ன இடத்தில் ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன இடத்தில் மலாயிலும் எழுதினேன். இரண்டிலும் பிழை.

நாலாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. படம் பிடிக்க உட்கார வைத்தார்கள். அங்கிருந்த மலாய்ப் பெண் என் கழுத்தைப் பார்த்து, "அதைக் கழற்றிவிடுங்கள்" என்றாள். உருத்திராட்ச மாலை.

"முடியாதும்மா. நேர்த்திக்கடன்."

"தைப்பூசம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே. உங்களுக்கு இன்னுமா முடியவில்லை?"

இங்கே பிறந்து வளர்ந்த பெண். நம் ஆட்களின் விரதமெல்லாம் அவளுக்குத் தெரியும். "இன்னும் முடியவில்லை" என்றேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். பத்து வருஷம் ஆச்சு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போடச் சொன்னாள். போட்டேன். மாலை உள்ளே போய்விட்டது. படத்தில் யாரோ கழுத்தை நெரித்த மாதிரி இருக்கிறேன். இனி அந்த மூஞ்சியோடுதான் இந்த நாட்டில் வாழ வேண்டும்.

2

நான் குடிகாரன். கடைசியாகக் குடித்துப் பத்து வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. இருந்தாலும் 'குடிகாரனாக இருந்தேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினேழு வயதில் புதுவயலிலிருந்து கப்பலேறி வந்தேன். துறைமுகக் கிடங்கில் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலை. பத்தொன்பதில் கூட வேலை பார்த்தவர்களோடு கள்ளுக்கடை. இருபத்தொன்றில் சம்சு. சம்சு என்பது இங்கே மலிவாகக் கிடைக்கும் சாராயம். தொண்டையில் இறங்கும்போதே எங்கெல்லாம் போகிறது என்று தெரியும். இருபத்திரண்டில், காலையில் ஒரு மிடறு உள்ளே போகாவிட்டால் பேனா கையில் நிற்காது. ஆத்தாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். நலம், நலமறிய ஆவல். அதைப் படித்துக் காட்டும் அக்கா ஒரு தடவை, 'எழுத்தெல்லாம் ஆடுதே, ஓடுற பஸ்ஸுல ஒக்காந்தா எழுதுறே?' என்று கேட்டு எழுதியிருந்தாள். ஆமாம் என்று பதில் போட்டேன்.

இருபத்துமூன்றாவது வயதில், ஒரு தை மாதம், சாக்கடையில் விழுந்து கிடந்தவனைத் தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நாலு நாள் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்களாம். சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினேனாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனர், என் வயதுதான் இருக்கும், அவருக்கும் இதே நோய்தான். ஐந்தாம் நாள் காலையில் காப்பி கொண்டுவந்த ஆள் என் கோப்பையை என்னிடம் கொடுத்தான். அவருடைய கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். "முருகா, குன்றக்குடிக்கு வந்து உனக்குக் காவடி எடுக்கிற வரைக்கும் இதைக் கையால் தொடமாட்டேன்."

இனி ஒருநாளும் தொடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். காவடி எடுக்கிற வரைக்கும் என்றுதான் சொன்னேன். உயிர் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குள் இருந்த குடிகாரன் பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சாமி கும்பிட்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்குள்ள முருகன் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டேன். அந்த மாலைதான் என்னைக் காப்பாற்றியது. நம் ஆட்களிடம் ஒரு மரியாதை உண்டு. உடம்பு சரியில்லை, குடிக்கவில்லை என்றால், "ஒண்ணும் செய்யாது, வாடா" என்பார்கள். டாக்டர் வேண்டாம் என்றார் என்றால், "டாக்டரே குடிக்கிறான்" என்பார்கள். சாமிக்கு என்று சொல்லி மாலையைக் காட்டினால், தோளில் போட்ட கையை எடுத்துவிடுவார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன்கூட உண்டு. போகும்போது மட்டும், "எப்ப முடியுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

3

பதினாலு மாதம் கழித்துப் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்தேன். அறுபத்தொன்பதாம் வருஷம். நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் சுங்க அதிகாரி என் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். சட்டையெல்லாம் உதறினார். டால்கம் பவுடர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "மலேயாவுலேருந்து வர்றீங்க, ஒரு பாட்டில்கூடவா இல்ல?" என்று கேட்டார். அவருக்குக் கோபமில்லை, ஏமாற்றம்தான். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். பாட்டிலே இல்லாத ஊருக்கு வந்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தேன். அசட்டு நினைப்பு.

அக்கா வீட்டில்தான் ஆத்தா இருந்தாள். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை பார்த்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு. அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாப்ளே, மாப்ளே என்றுதான் உயிரை விடுவார். அப்போது அவர் குடிக்கிறவர் இல்லை. எப்போதாவது, யாராவது கொண்டுவந்தால், ஒரு வாய்.

உத்திரத்துக்கு முதல் நாள் பகலில் மச்சான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, இங்குட்டு வா." மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு பாட்டிலை எடுத்தார். தவிட்டை ஊதிவிட்டு, வேட்டியால் துடைத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பட்டாளத்துச் சரக்கு. லீவுல வந்த ஆளுகிட்ட ஒனக்குன்னே சொல்லி வாங்கி வச்சிருக்கேன். நாளைக்குக் காவடி. நாளான்னைக்குக் கெடா வெட்டுறோம். பதினாலு மாசம் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடந்திருக்கியே, சும்மாவா?"

"வேணாம் மச்சான். உள்ள வச்சிருங்க."

"அட, இப்பவா குடிக்கச் சொன்னேன்? கழுத்துல மாலை கெடக்கயில நான் அப்படிச் செய்வனா? கழட்டுன பொறவு மாப்ளே, கழட்டுன பொறவு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எப்படிக் குடித்தேன், எங்கே விழுந்தேன் என்று யாருக்கும் எழுதவில்லை. காய்ச்சலாகக் கிடந்தேன், வேண்டிக்கொண்டேன் என்றுதான் எழுதியிருந்தேன். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார். மலேயாக்காரன் நான் சாராயத்தை விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். விரதம் முடிந்தால், விட்டதை இலையில் வைத்து ஆசையாகச் சாப்பிடச் சொல்வதுதானே நம் வீட்டு வழக்கம்? ஆத்தாவுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "ஒரு நாளைக்குத்தானே, ஆம்பளைக பாடு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

4

மறுநாள் விடிந்ததும் பால்காவடியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். காரைக்குடி தாண்டிப் போக வேண்டும். வழியெல்லாம் கூட்டம். தெரிந்தவர்கள் நிறுத்தி, "எப்ப வந்தீக? எம்புட்டு நாள் இருப்பீக?" என்று விசாரித்தார்கள். மோர் கொடுத்தார்கள், பானகம் கொடுத்தார்கள். தார் ரோட்டில் கால் கொப்பளித்தது. எல்லாரும் அரோகரா போட்டார்கள், நானும் போட்டேன்.

மலை கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. காரைக்குடியிலிருந்து இவ்வளவு தூரமும் நான் முருகனை நினைத்து நடக்கவில்லை. தவிட்டு மூட்டையை நினைத்து நடந்திருக்கிறேன். ஒவ்வொரு எட்டும் அந்தப் பாட்டிலுக்கு எடுத்து வைத்த எட்டு. கால் வலிக்காமல் நான் அப்படி வேகமாக வந்ததற்குப் பக்தி காரணமில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அடிவாரத்தில் முதல் படிக்கட்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். காவடியை மண்டபச் சுவரில் சாய்த்தேன்.

"என்னப்பா, காலு வலிக்குதா?" என்றாள் ஆத்தா.

"நான் ஏறலை ஆத்தா."

"என்னது?"

"ஏறி எறங்கினா குடிச்சிருவேன். குடிச்சேன்னா செத்துருவேன். காய்ச்சல்னு எழுதினது பொய் ஆத்தா. குடிச்சுக் குடிச்சுத்தான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். என்னையக் கட்டிலோட கட்டி வச்சிருந்தாக."

அவ்வளவு கூட்டத்தில் அதைச் சொன்னேன். மச்சான் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆத்தா என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "அடப்பாவி, அடிவாரம் வரைக்கும் கொண்டாந்து எறக்கி வச்சா சாமி குத்தமாகாதாடா? எங்குட்டுப் போயி இதைத் தீப்பேன்?" என்று அழுதாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். இரண்டொருவர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அழுது முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காவடியில் கட்டியிருந்த பால்செம்பு இரண்டையும் அவிழ்த்தாள். "பாலு என்ன பாவம் பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் செம்போடு அவளே படியேறிப் போனாள். நானும் மச்சானும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். செம்பு காலியாக இருந்தது. என் நெற்றியில் திருநீறு பூசினாள். மாலையைக் கழற்றவில்லை. சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

"என்ன ஆத்தா சொன்னே?"

"அடுத்த வருசம் வருவான்னு சொல்லியிருக்கேன். கோர்ட்டுலயே வாய்தா குடுக்குறாக. இவன் குடுக்க மாட்டானா?"

ஒரு வயல் வழக்குக்காக அப்பாவோடு சிவகங்கைக்கும் புதுவயலுக்கும் ஏழு வருஷம் அலைந்தவள் அவள். தீர்ப்பு வராதவரை வயல் நம்முடையதுதான் என்று அந்த ஏழு வருஷத்தில் தெரிந்து வைத்திருந்தாள்.

கெடா வெட்டவில்லை. அந்த வாரமே நான் கப்பலுக்குக் கிளம்பிவிட்டேன். பாட்டிலை என்ன செய்தீர்கள் என்று மச்சானைக் கேட்கவில்லை.

5

அதற்கப்புறம் ஒவ்வொரு பங்குனிக்கும் ஆத்தா மலையேறினாள். ஒவ்வொரு சித்திரையிலும் அக்கா கையெழுத்தில் எனக்கு ஒரு வரி வரும்: 'ஆத்தா வாய்தா வாங்கிட்டு வந்துட்டா.' அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி எழுதுவதில்லை. மாலையோடு மீன் சாப்பிடலாமா என்று ஒரு தடவை கேட்டு எழுதினேன். இங்கே கல்யாணமாகியிருந்தது, என் மனைவி வைக்கிற மீன்குழம்பை விட முடியவில்லை. 'நீ வேண்டிக்கிட்டது மீனைப் பத்தி இல்லியே, தின்னு' என்று பதில் வந்தது.

எழுபத்தொன்றில் நம் ஊரில் மதுவிலக்கை எடுத்தார்கள். ஆலைக்குப் போகிற வழியிலேயே கடை திறந்திருக்கிறது என்று அக்கா எழுதினாள். அடுத்த கடிதத்தில், மச்சான் வேலை விட்டு வர நேரமாகிறது என்று எழுதினாள். அதற்கடுத்ததில் எழுத்து ஆடியிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் எழுதியிருக்கிறாள் போல. மூன்று வருஷத்துக்குள் கடைகளை மறுபடி மூடினார்கள். கடைக்குத்தான் பூட்டு விழுந்தது. மச்சான் முந்திரிக்காட்டுக்குள் போய்க் குடித்துவிட்டு வந்தார். ஆலையில் வேலை போயிற்று. அந்தத் தவிட்டு மூட்டைப் பாட்டிலை அவர்தான் குடித்திருப்பார், என்னிடமிருந்து அவருக்கு ஒட்டிக்கொண்டதுதான் இது என்று எனக்கு ஒரு நினைப்பு. தப்பாக இருக்கலாம். ஆனாலும் போக மாட்டேன் என்கிறது.

குடிக்காமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அலுப்பாக இருக்கிறது. காலையில் சீனன் கடையில் காப்பி. பீர் அடுக்கிய பக்கம் முதுகைக் காட்டி உட்கார்வேன். சம்பள நாளில் மட்டும் இரண்டு தெரு சுற்றி வீட்டுக்குப் போவேன். தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வேன். கை காலியாக இருந்தால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். பத்து வருஷமாக இதே வேலை. யாரும் மாலை மரியாதை செய்வதில்லை. செய்யாத ஒன்றுக்கு யார் செய்வார்கள்? சில நாள், இது எதற்கு என்றே அலுத்துவிடுகிறது.

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலாய். தமிழ் பேசும்போது பாதியில் அந்தப் பக்கம் போய்விடுவாள். போன தைப்பூசத்தில் காவடிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நீங்க இங்கயே எடுத்துட்டா முடிஞ்சிரும்தானே?"

"குன்றக்குடின்னு சொல்லிட்டேம்மா. அங்கதான் எடுக்கணும்."

"அப்போ ஏன் போகல?"

"அடுத்த வருஷம்."

"ஹோம்வொர்க் செய்யாத பசங்க டீச்சர்கிட்ட நாளைக்கு நாளைக்குன்னு சொல்ற மாதிரியா?"

"ஆமாம்மா, அதே மாதிரிதான்" என்றேன். திருப்தியாகி விட்டாள். குன்றக்குடி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

போன ஐப்பசியில் ஆத்தா செத்துப்போனாள். தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் நீல அட்டைக்குப் போட்ட பாரத்தோடு அலுவலகத்தில் கிடந்தது. அதைத் திரும்ப வாங்குவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போகவில்லை. பெற்றவளுக்குக் கொள்ளி வைக்காதவன் நான்.

6

அவள் வாங்கிக் கொடுத்தது ஒன்பது வாய்தா. இந்தப் பங்குனி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. இனி யார் போய்க் கேட்பார்கள்? பேசாமல் ஊருக்குப் போய்க் காவடியை எடுத்து முடித்துவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. முப்பத்துமூன்று வயது, மனைவி, இரண்டு பிள்ளைகள், நல்ல வேலை. மாலையைக் கழற்றினால் இனி என்ன ஆகிவிடப் போகிறது? செத்துப்போன ஆத்தாவின் மனசும் குளிரும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. இத்தனை நியாயம் பேசுகிற ஆள் யார் என்று யோசித்தேன். அன்றைக்குப் பின்வாசலைத் திறந்து வைத்தானே, அவனேதான்.

பங்குனி உத்திரம் வந்து போயிற்று. பதிவு அலுவலகத்திலிருந்து, நெரித்த கழுத்தோடு வீட்டுக்கு வந்த அன்று, மேஜைமேல் அக்காவின் கடிதம் இருந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'தம்பி, இந்த வருசம் மலைக்கு யார் போறதுன்னு தெரியாம நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு முட்டிவலி, படியேற முடியல. உத்திரத்தன்னைக்குக் காலையில உங்க மச்சான் குளிச்சிட்டு வந்து நின்னாரு. குளிச்சு எத்தனை நாளாச்சோ. அத்தை போற வேலைக்கு நான் போறேன், செம்பைக் குடுன்னாரு. வழியில எங்கயாச்சும் விழுந்து கெடப்பாருன்னுதான் நெனச்சேன். சாயந்தரம் திரும்பி வந்தாரு. செம்பு காலியா இருந்துச்சு. கழுத்துல மாலை. மாப்ளைக்கு ஒரு வருசம் கேட்டேன், கையோட எனக்கும் ஒண்ணு கேட்டுக்கிட்டேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. ராவெல்லாம் ஒடம்பு நடுங்குச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இன்னையோட எட்டு நாள் ஆச்சு. இன்னும் தொடல. அடுத்த வருசம் நெசமாவே வந்து காவடி எடுக்கணுமான்னு உன்கிட்டக் கேக்கச் சொன்னாரு.'

அக்கா எழுதும்போது எட்டு நாள். கடிதம் வந்து சேரப் பத்து நாள். நான் எழுதுவது போய்ச் சேர இன்னொரு பத்து. அதற்குள் என்னவெல்லாமோ ஆகியிருக்கலாம். எட்டாம் நாளில் இருக்கிறவனுக்கு ஒன்பதாம் நாள் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் மச்சான் பெயருக்கே ஒரு கடிதம் எழுதி, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். மூன்றே வரி.

'மச்சான், காவடி இருக்கட்டும். அடுத்த பங்குனிக்கும் போய் நம்ம ரெண்டு பேருக்கும் வாய்தா கேட்டுட்டு வாங்க. யார் சொன்னாலும் மாலையைக் கழட்டிராதீக.'